இறுகாத வார்ப்பு

மதிய வகுப்புக்கு எந்த மாதிரியை எடுத்துப் போகலாம் என்று தேடியபோதுதான், உடற்கூறு அருங்காட்சியகத்தின் மூலை அலமாரியில் ஈரத்துணி போர்த்திய ஒன்று இருப்பதை அவள் பார்த்தாள். புதிதாக ஒன்று வார்த்திருப்பதாகக் கணவர் மூச்சுவிடவில்லை. ஓர் எலியின் ஈரலை வார்த்தால்கூட, சாப்பாட்டு மேசையில் இரண்டு நாளைக்கு அதே பேச்சாக இருக்கும் மனிதர் அவர்.

அவள் அந்த மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியை. அவர் அங்கேயே அருங்காட்சியகக் காப்பாளர். இறந்த உடலின் ரத்தக் குழாய்களுக்குள் சிவப்புப் பிசினை ஏற்றி, அது இறுகியதும் அமிலத் தொட்டியில் இறக்கிச் சதையைக் கரைத்துவிடுவதில் கைதேர்ந்தவர். கல்லீரலும் குடலும் கரைந்து போய், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோன குழாய்கள் மட்டும் ஒரு சிவப்பு மரமாக எஞ்சி நிற்கும். அந்த மரங்களை வைத்துத்தான் அவள் பாடம் நடத்துவாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டு, பகலிலேயே அறை இருட்டிக் கிடந்தது. மின்சாரமும் போயிருந்தது. பக்கத்துத் தொட்டி அறையிலிருந்து அமில நெடி கசிந்து தொண்டையைக் கரகரக்க வைத்தது. எங்கோ ஒரு குழாய் நிதானமாகச் சொட்டியது. அலமாரிக் கண்ணாடிகளில் அவளுடைய நிழல் துண்டுதுண்டாக நகர்ந்தது. துணியை எடுத்தாள். ஈரத்துணி சில்லென்று இருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது.

மாணவர்களுக்கு அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மரத்தைப் படிக்க வேண்டும். கண் பார்க்க விரும்புவதைப் பார்க்கும், விரல் இருப்பதைத்தான் சொல்லும் என்பாள். இப்போதும் அப்படியே பெருந்தமனியின் உச்சியில் விரலை வைத்துக் கீழே இறங்கினாள். முன்பக்கம் ஒரு குட்டைத் தண்டு. அதிலிருந்து இரைப்பைக்கு ஒரு கிளை, மண்ணீரலுக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று. கல்லீரலுக்குப் போன கிளை இடது பாதியோடு நின்றுவிட்டது. "அடுத்து வலது" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. விரலுக்கு அடியில் ஒன்றுமில்லை.

தேடினாள். கிடைத்தது. ஒரு படி கீழே, குடலுக்குப் போகும் தமனியிலிருந்து திருட்டுத்தனமாகப் புறப்பட்ட ஒரு கிளை, கணையத்தின் பின்னால் இருக்க வேண்டிய இடத்தில் மேலேறிக் கல்லீரலின் வலது பாதிக்குப் போயிருந்தது.

அப்படி அமைந்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அவளுக்கே அப்படித்தான். தங்கைக்கு இடது சிறுநீரகத்தைக் கொடுப்பதற்கு முன் எடுத்த ஸ்கேனில் அது தெரிந்தது. கணவருக்கு அன்று தலைகால் புரியவில்லை. முகத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டேன், வயிற்றுக்குள் இருப்பதைக் காட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

விரல் இடப்பக்கம் போனது. சிறுநீரகத் தமனி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முட்டு. வெட்டிக் கட்டிய மொட்டைக் கிளை.

 உடனே தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். ஸ்கேன் படத்தை வைத்து முப்பரிமாண இயந்திரத்தில் அச்சடித்திருப்பார், பிறந்தநாள் பரிசாக இருக்கும், கிறுக்கு மனுஷன். கிளைகளின் நுனியைத் தடவும்வரை அந்தச் சமாதானம் தாங்கியது. நுனிகள் பாசி போல மென்மையாக, எண்ண முடியாத இழைகளாக இருந்தன. எந்த ஸ்கேனிலும் அவ்வளவு நுணுக்கம் தெரியாது. உடம்புக்குள் பிசின் ஓடினால் மட்டுமே அது வரும்.

மண்ணீரலுக்குப் போகும் தமனி வளைந்து வளைந்து போனது. பாதி வழியில் விரல் நின்றது. ஒரு வீக்கம். திராட்சை அளவு, மேலே மெல்லிய தோல். அது வெடித்தால் சில நிமிடங்களில் வயிறு ரத்தத்தால் நிரம்பிவிடும் என்று வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். போன மாதம்தான் அவளுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தது தங்கை, கல்லூரி மருத்துவமனையில் அவளுக்கு அதுதான் வேலை. எல்லாம் சுத்தமாக இருக்கிறது, நீ ஜம்மென்று இருக்கிறாய் என்று கன்னத்தைத் தட்டி அனுப்பினாள்.

தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"என் மண்ணீரல் தமனியில வீக்கம் இருந்துச்சா?"

 தங்கை மெதுவாகச் சொன்னாள், "அத்தான் சொல்ல வேண்டாம்னாரு. ஆபரேஷன் பண்ணினா அந்த அமைப்பே கெட்டுப் போயிடுமாம்."

"அவர் சொன்னா? நீ ஏன் சொல்லல?"

"நீ குடுத்த கிட்னி இனி ரொம்ப நாள் தாங்காதாம்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை. அறுத்துக் கொடுத்த இடத்தில் இத்தனை வருடம் வலிக்காத தழும்பு அவளுக்கு இப்போது எரிந்தது. அவளோடு ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்த தங்கை. அறுவை முடிந்து பக்கத்துக் கட்டிலில் மயக்கம் தெளிந்ததும் முதலில் அக்கா எங்கே என்று கேட்டவள். போன் கையை விட்டு நழுவியது.

வலப்பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. படிக்க வேண்டாம் என்று நினைத்தாள். விரல் தானாகப் போனது.

வலது சிறுநீரகம் அவளிடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் போகும் தமனி இருக்க வேண்டும். நுனியில் அடர்ந்த புதர் இருக்க வேண்டும்.

இல்லை.

முட்டு. சுத்தமான வெட்டு.

கதவு திறந்தது. கணவர். கையில் ரப்பர் உறைகள். கோபப்படவில்லை. காய்கிற கோலத்தை மிதித்த குழந்தையிடம் பேசுகிற மாதிரிக் கேட்டார்.

"துணியை ஏன் எடுத்த? இன்னும் இறுகல."

அவளுடைய விரல் வீக்கத்தின் மேல் இருந்தது. அது மெத்தென்றிருந்தது. துடித்தது. எடுக்க நினைத்தாள். அதற்குள் தோல் விட்டது. சூடாக ஏதோ மணிக்கட்டில் வழிந்தது. அதே நொடியில் இடது விலாவுக்கு அடியில் ஒரு வலி. தோள்பட்டை வரை. கால் மடங்கியது.

"என்னங்க," என்றாள்.

அவர் ஓடி வந்தார். அவளைத் தாண்டி ஓடினார். சாய்ந்துகொண்டிருந்த சிவப்பு மரத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, நல்லவேளை என்று பெருமூச்சு விட்டார்.

தரை குளிர்ந்தது. வாசலில் செருப்புச் சத்தம். தங்கை உள்ளே வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு, அவளுடைய வலப்பக்கமாக மண்டியிட்டு உட்கார்ந்தாள்.