வெட்டிய காட்டின் நிழல்

துணி காயவில்லை. முதலில் நடந்தது அவ்வளவுதான். இதற்கெல்லாம் பயந்தால் குடித்தனம் நடத்த முடியாது. ஆனாலும் வெயில் மண்டையைப் பிளந்தது, ஒரு வாரமாக மழை இல்லை, அந்தத் தகரக் குடியிருப்பைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிழல் விழவைக்கும் பொருள் என்று தேடினால் தண்ணீர்த் தொட்டியும் மச்சான் ஓட்டும் புல்டோசரும்தான் தேறும். அப்படியிருந்தும் காலையில் கொடியில் போட்ட சட்டை மாலையில் சொட்டச் சொட்டத்தான் இருந்தது. முகர்ந்தால் பாசி வாடை.

அந்த வீட்டு ரம்பக்காரனுக்கு வேலையிடத்தில் மொட்டை என்று பெயர். தலையில் சீப்பு உடையும் அளவுக்கு முடி இருந்தது. பட்டம் வந்தது அவன் மோட்டார் ரம்பம் ஏறி இறங்கி மொட்டையடித்த மலைகளால். இந்தச் சரிவும் போன கோடைவரை பகலிலேயே டார்ச் அடித்து நடக்க வேண்டிய மழைக்காடுதான். இப்போது அடிக்கட்டைகளும் செம்மண்ணும். கம்பெனி அதன் நடுவிலேயே வேலையாட்களுக்கு வீடு கட்டி, வாசலில் ‘பசுஞ்சோலைக் குடியிருப்பு’ என்று பலகையும் நட்டிருந்தது. நகைச்சுவை உணர்வுள்ள கம்பெனி.

“மரமே இல்லாத எடத்துல துணி காயலன்னா, துவைக்கிற ஆளுகிட்டதான் கோளாறு,” என்றான் மச்சான், டீயை உறிஞ்சிக்கொண்டே.

“அப்ப நாளையிலேருந்து உன் பனியனை நீயே துவைச்சுக்கண்ணே,” என்றாள் மொட்டையின் மனைவி. “அதுல இருக்கற கிரீஸைப் பிழிஞ்சா இன்னொரு புல்டோசர் ஓட்டலாம்.”

சிரித்துக்கொண்டே கொடிப்பக்கம் போன மொட்டை அங்கேயே நின்றுவிட்டான். வெயில் மண்ணில் கண் கூச அடித்துக்கொண்டிருந்தது, அவன் நிழல் காலடியில் கறுப்பாகக் கிடந்தது, ஆனால் பிடரியில் மட்டும் பல காலத்து இலைகளுக்குக் கீழே நிற்கிறவனுக்குக் கிடைக்கும் அடர்ந்த ஈரக் குளிர்ச்சி இறங்கியது, கூடவே மக்கிய சருகின் வாடை, கூடவே எங்கோ மேலே இலையிலிருந்து இலைக்கும் அதிலிருந்து அடுத்த இலைக்கும் அவசரமே இல்லாமல் இறங்கிவரும் தண்ணீரின் சத்தம். ஒரு சொட்டு காதுமடலில் விழுந்தது. துடைத்தான். கை நனைந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மச்சான் கிழவனாகும்வரை குத்திக்காட்டுவான்.

வெளிச்சம் மங்கியதும் சில்வண்டுகள் தொடங்கின. காட்டில் வேலை பார்த்தவனுக்கு அந்த வரிசை தெரியும்: ஒன்று ஆரம்பிக்கும், பிறகு மரத்துக்கு மரம் பற்றிக்கொண்டு, காதுக்குள் இரும்பை அறுப்பதுபோல் சரிவு முழுக்க ஏறும். இப்போதும் அந்த வரிசை பிசகவில்லை. மரங்கள் நின்ற இடங்களில், மரங்கள் நின்ற உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. பிறகு ஓர் இருவாச்சி, பெரிய துருத்தியை ஊதுவதுபோன்ற சிறகடிப்புடன் தலைக்கு மேலே கடந்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் அமர்ந்தது. அமர்ந்த சத்தம் கேட்டது. கிளை தாழ்ந்த சத்தமும் கேட்டது. பறவைதான் தெரியவில்லை. கூரைத் தகரத்தில் எதுவோ விழுந்து உருண்டு வாசலுக்கு வந்தது. பாதி கடித்த அத்திப்பழம்.

“பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும்,” என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. அது இருவருக்கும் தெரியும்.

மகள் மட்டும் குஷியாக இருந்தாள். ஐந்து வயது, வீட்டில் வைத்த பெயர் வாலு. விளையாட ஆளில்லை என்று வந்த நாளிலிருந்து அழுதவள், இப்போது சோறு போட்டுக் கூப்பிட்டாலும் வருவதில்லை. மறுநாள் மதியம் குளிப்பாட்டும்போது பார்த்தான். முழங்காலில் பச்சைப் பாசி. உள்ளங்கையில் மரப்பட்டைச் சிராய்ப்பு.

“எங்கடி ஏறினே?”

“நான் ஏறலப்பா. அது தூக்கிட்டுப் போகும். இறங்கறப்பதான் சிராய்ச்சிடுச்சு.”

“எது?”

“நிஜமாவே வாலு இருக்கறது!” கிளுக்கென்று சிரித்தாள். “அதோட மடி காலியாப் போச்சாம்பா. என்னை உக்காந்துக்கச் சொல்லுது.”

சோப்பு கையிலிருந்து நழுவியது. அவளைத் துடைக்காமலேயே தூக்கிக்கொண்டு மச்சானிடம் போனான்.

“மச்சான், எங்களை இன்னைக்கே டவுன்ல விட்டுடு.”

“ஏன் மாப்ள, துணி காயப்போடவா?” என்றவன், மொட்டையின் முகத்தைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “சரி, சரி. கீழ் முகாமுக்குப் போய் லாரியை எடுத்துட்டு வர்றேன். மூட்டையைக் கட்டுங்க.”

கட்டினார்கள். ஈரத் துணியை ஈரமாகவே திணித்தார்கள். லாரி வரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது வெளிச்சம் மங்கியது. சில்வண்டு ஏறியது. மனைவி கடைசிப் பையின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“வாலு எங்க?”

தொட்டிக்குப் பின்னால் பார்த்தான். புல்டோசருக்கு அடியில். காலி வீட்டில். அடிக்கட்டைகளுக்கு இடையில், குழிகளில், ஓடையில். மேலே மட்டும் பார்க்கவில்லை. அது தொழில் பழக்கம். அறுக்குமுன் காய்ந்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கச் சொல்லித்தான் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் பார்த்தால் கூடு தெரியும். கூட்டில் திறந்த வாய் தெரியும். கை நின்றுவிடும், மேஸ்திரி கத்துவார். அதனால் எந்த ரம்பக்காரனும் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் அவன் கழுத்து அதற்குப் பழகிவிட்டிருந்தது.

பார்த்தது மனைவிதான். கத்தவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.

தண்ணீர்த் தொட்டியைவிட உயரத்தில், வெறும் ஆகாயத்தில், மகள் உட்கார்ந்திருந்தாள். கால்கள் ஆடின. இடுப்பில் கவுன் அமுங்கியிருந்தது, ஒரு கை இறுக்கி அணைத்ததுபோல. தலைமுடி தானாக விலகி விலகி விழுந்தது. யாரோ, தாய்க்குரங்கு குட்டிக்குப் பார்ப்பதுபோல, பொறுமையாகப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா! இங்கேருந்து லாரி வர்றது தெரியுது!”

“அசையாதடா கண்ணு. அப்பா வர்றேன். அசையாத.”

ஓடினான். அவளுக்கு நேர் கீழே, காற்றில் மோதி விழுந்தான். எழுந்து தடவினான். பட்டை. ஈரம். கரடுமுரடு. இரண்டு கைக்கும் அடங்காத சுற்றளவு. கட்டிப்பிடித்து ஏறினான். வழுக்கினான். நகம் பெயர்ந்தது. மறுபடி ஏறினான்.

சில்வண்டு நின்றது.

மொத்தமாக.

அவன் காலுக்குப் பக்கத்தில் யாரோ கயிற்றை இழுத்தார்கள். ஓர் இருமல். இன்னொரு இழுப்பு. ரம்பம் பற்றிக்கொண்டது. அந்த இருமல் அவனுக்குத் தெரியும். அவனுடைய ரம்பம். அது கொட்டகையில் பூட்டியிருக்கிறது. சாவி அவன் இடுப்பில்.

பெட்ரோல் வாடை. பச்சை மர வாடை. சூடான மரத்தூள் கணுக்காலில் அடித்தது.

“நிறுத்து!” பட்டையை அறைந்தான். “மேல பாருடா! டேய்! ஒரு தடவை மேல பாரு!”

ரம்பம் நிற்கவில்லை. வேலையில் குறியாக இருந்தது. பிறகு, அவன் தோளுக்கு அருகில், போன கோடையில் இங்கே கூவிய அவன் குரலே மறுபடி கூவியது. வேலை சீக்கிரம் முடிந்த சந்தோஷம் அதில் இருந்தது.

“மரம் சாயுது! ஒதுங்கு, ஒதுங்கு!”

கன்னம் ஒட்டியிருந்த பட்டைக்குள் எதுவோ முறிந்தது. மேலே மகள், ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, மெல்லச் சாயத் தொடங்கினாள்.