சேர்மானம்: இலை மட்டும்

போன் அலறியது!

உலையிலிருந்து மூசைக் கிண்ணத்தை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐநூற்றைம்பது டிகிரிச் சூடு. போனைவிட மரியாதை அதற்குத்தான்.

பரிசோதனைக் கூடத்தில் அவள் பெயர் சாம்பலக்கா. எந்த இலை வந்தாலும் எரித்து, அதில் என்ன சத்து என்று சொல்லிவிடுவாள்.

மறுபடி போன்.

"மேடம்! மூலிகைக் கம்பெனி முதலாளி பேசறேன். சர்டிபிகேட் ரெடியா? சாயங்காலம் சரக்கு கப்பலேறுது!"

"உங்க இலைத்தூள்ல கால்சியம் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு இருக்கு சார்."

"அடடா!"

"புரதமும் கூட."

"பிரமாதம்! டப்பாவுலயே அச்சடிச்சிடலாம்!"

"பாஸ்பரஸ் மூணு மடங்கு."

மௌனம்...

நல்ல செய்தி கேட்டு ஒரு வியாபாரி மௌனமானது அதுதான் முதல் தடவை.

"மண்ணு அப்படி மேடம்... கையெழுத்து போடுங்க. உங்க டைரக்டர்கிட்ட பேசிட்டேன். நீங்க போடலன்னா வேற ஆள் போடுவாராம். உங்க நாற்காலியிலயே உக்காந்து!"

வைத்துவிட்டார்.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி போலீஸ் இன்ஸ்பெக்டர்.

வந்ததும் கேட்டான். "என்னக்கா, இலையில எலும்பா? போன்ல சரியாத்தான் சொன்னியா?"

"இலையில பாஸ்பரஸ் கொஞ்சூண்டுதான்டா இருக்கும். இதுல கூடுதலா ஏறினது, கால்சியம் ரெண்டு பங்குக்கு பாஸ்பரஸ் ஒரு பங்கு. அது எலும்போட கணக்கு."

தம்பி குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான்.

ஒரு மாதமாக அவன் கையில் ஒரு கேஸ். அதே முதலாளியின் மச்சானைக் காணோம். கம்பெனியில் சரிபாதிப் பங்குள்ள மச்சான். புகார் கொடுத்தவர் முதலாளியேதான்.

"அழுதுகிட்டே அடையாளம் சொன்னான்கா. வழுக்கை, தொப்பை, கடைவாய்ப்பல்லுல வெள்ளி அடைச்சிருக்கும்னு... நான்தான் கர்ச்சீப் கொடுத்தேன்."

"அவன் கண்ணைத் துடைச்சான். நீ கேஸைத் துடைச்சே."

"நக்கலா? வெறும் எலும்பை வெச்சு அவனைத் தொட்டா, என்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவாங்க!"

பக்கத்து அறையில் இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அமிலத்தில் கரைத்த தூளில் என்னென்ன உலோகம் என்று பார்க்கும் இயந்திரம். போய்ப் படித்தாள். மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.



கதவு திறந்தது. வாசனைத் தைலம் முதலில் வந்தது. பின்னால் முதலாளி.

"நேர்லயே வாங்கிட்டுப் போலாம்னு... அட, இன்ஸ்பெக்டர் சார்! மச்சான் கிடைச்சானா?"

"கிடைச்சா மாதிரிதான் இருக்கு," என்றான் தம்பி. "உங்க தூள்ல எலும்பு இருக்கு. யாரோட எலும்பு?"

முதலாளியின் நெற்றியில் வியர்வை. பிறகு, கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தார்!

"ஐயய்யோ, கொலைன்னு நினைச்சீங்களா? கலப்படம் சார்! வெறும் கலப்படம்! கால்சியம் ஏறட்டும்னு மாட்டு எலும்பைப் போட்டு அரைச்சேன். எங்கே கட்டணும் அபராதம்?"

கலப்படத்தை இவ்வளவு நிம்மதியாக யாரும் ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததில்லை.

தம்பியின் முகம் தொங்கியது. "அக்கா... எனக்குக் காடு தெரியுது."

அவள் முதலாளியைப் பார்த்தாள். "நீங்களேவா அரைச்சீங்க?"

"என் கையால மேடம்! மெஷின்கிட்ட ஒருத்தனையும் விடல!"

"மாடுதானா?"

"சத்தியமா மாடு!"

அவள் தாளைப் பிரித்தாள்.

"வெள்ளி, வெள்ளீயம், பாதரசம். மூணும் உங்க தூள்ல இருக்கு. இலையில வராது. எலும்புலயும் வராது. மூணும் ஒண்ணா இருக்கறது சொத்தைப்பல்லு அடைக்கிற கலவையில..."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன் சார், மாட்டைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது யாரு?"

அவர் கதவைப் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு தம்பி நின்றான். தம்பிக்குக் காடு தெரிவது நின்றுவிட்டது.

"அவன்... பங்கைப் பிரிச்சுக் கொடுன்னான்..."

"நீ ஆளையே பிரிச்சிட்டே," என்றான் தம்பி. விலங்கு பூட்டினான். "புதைச்சிருக்கலாமேய்யா?"

"புதைச்சா தோண்டுவீங்க. இதுன்னா கப்பலேறிடும்னு..."

"கால்சியம்தான் ஏறிச்சு," என்றாள் அவள்.

வாசல் வரை போன முதலாளி திரும்பினார். பழக்க தோஷம்! "அப்போ... சர்டிபிகேட்?"

அவள் சோதனைக்கு வந்த டப்பாவைக் கையில் எடுத்தாள். பச்சை எழுத்தில் பெரிதாக இருந்தது: 'சுத்த சைவம். சேர்மானம்: இலை மட்டும்.'

"தாராளமா கையெழுத்து போடறேன் சார். லேபிளை மட்டும் திருத்தி அடிச்சுக் கொண்டாங்க... சேர்மானம்: இலை, மச்சான்!"