உப்பு நாரும் சிரோயாவின் நாற்றும்

"டீச்சர், என் நாத்து மட்டும் தூங்குது!"

சிரோயா சொன்னதும் வகுப்பே சிரித்தது. ஆனால் அவளுடைய நாற்றுகள் உண்மையாகவே தலை தொங்கிக் கிடந்தன.

பள்ளிச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாய்கள். அவற்றின் துளைகளில், மண்ணே இல்லாமல், சத்து கலந்த தண்ணீரில் முட்டைகோஸ் வளர்க்க வேண்டும். வேர் பிடிக்க எதை வைப்பது என்பது அவரவர் விருப்பம். சிரோயா தேங்காய் நார் வைத்தாள். சாதாரண நாரா? ஓடம் கட்டும் கயிற்றுக்காக அப்பா ஆறு மாதம் காயல் சேற்றில் ஊறப்போட்டுத் தட்டி எடுத்தது!

"இந்தத் தராவாத் தீவுலயே இப்படி நாரு கிடையாது. எடுத்துக்கோ," என்று அள்ளிக் கொடுத்திருந்தார்.

"வெள்ளி வரைக்கும் பார்க்கிறேன். நிமிரலேன்னா உன் குழாயை வேற யாருக்காவது குடுத்துடுவேன்," என்றார் மரேத்தா டீச்சர்.

வீட்டுக்கு வந்து மிச்ச நாரைப் பிரித்துப் பார்த்தாள். தம்பி பௌரோவுக்கு எதையும் வாயில் வைத்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு கொத்தைச் சப்பினான்.

"அக்கா, உப்பு!"

"துப்புடா!" என்றவள் தானும் நாக்கில் வைத்தாள். உப்பேதான். ஆறு மாதக் காயல் தண்ணீர் ஆயிற்றே!

அடுப்புக்குக் குவித்திருந்த காய்ந்த தேங்காய் மட்டைகள் காயல் பக்கமே போகாதவை. அவற்றைப் பிய்த்து, மழைத்தண்ணீரில் அலசி, மறுநாள் காலையிலேயே நாரை மாற்றிவிட்டாள். ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது.

"என் நாருல செடி எப்படிம்மா இருக்கு?" என்று அவரே கேட்டுவிட்டார்.

"அப்பா... செடியை விடுங்க. குழாயைக் கட்டின நைலான் கயிறு வெயில்ல இத்துப்போச்சு. காத்தடிச்சா ஆடுது. அந்த நாருல கயிறு திரிச்சுத் தர்றீங்களா?"

"அது உப்புப்பா! நான் தின்னு பார்த்தேன்!" என்று பௌரோ போட்டு உடைத்தான்.

அப்பாவும் சப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடக் கடவுளே! முட்டைகோஸைக் கருவாடு போடப் பார்த்தேனா!"

வெள்ளிக்கிழமை நாற்றுகள் நிமிர்ந்துவிட்டன. அப்பா தோளில் புதுக் கயிற்றோடு வந்து குழாயை இறுக்கிக் கட்டினார். இப்போது அது இம்மிகூட அசையவில்லை.

"எங்க குழாயையும் கட்டுங்க மாமா!" என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"அதெல்லாம் இந்த அம்மாவைக் கேளுங்க. எந்த நாரு எதுக்கு உதவும்னு தெரிஞ்சவ இவதான்," என்று சிரோயாவைக் கைகாட்டினார்.

அன்று அங்கே நாற்றுகளைவிட நிமிர்ந்து நின்றவள் சிரோயாதான்.