பூட்டிய வீட்டில் கணுக்கால் தண்ணீர்

சனிக்கிழமை, ஏழு மணி தாண்டி இருட்டிய நேரம்.

கீர்த்தனா பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். உள்ளேயிருந்து அம்மாவின் ரப்பர் செருப்பு மிதந்து வந்து அவள் காலில் முட்டியது. அதன் பின்னாலேயே தண்ணீர் வந்தது.

வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத வீடு. அவள் வம்சத்தில் முதல் பட்டதாரி, முதல் மாதச் சம்பளக்காரி, முதல் ஃப்ளாட்காரி எல்லாமே அவள்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் முன்னால் கண் எரிய எரிய உட்கார்ந்து, திருவிடந்தையில் அலைவாசல் குடியிருப்பின் தரைத்தளத்தில் இந்த வீட்டைப் பிடித்திருந்தாள். கட்டி முடித்து ஒரு வருஷம் விலைபோகாமல் பூட்டிக் கிடந்ததாம். "நமக்குன்னே காத்துகினு கெடந்துச்சு" என்று அம்மா ஆராயி சொல்லிச் சிரித்தாள். இப்போது அந்த வீட்டின் ஹாலில் கணுக்கால் தண்ணீர். புத்தக அட்டைப்பெட்டி ஊறிக் கவிழ்ந்திருந்தது. புதுக் கட்டிலின் கால்கள் உப்பத் தொடங்கியிருந்தன.

மழையா? ஒரு வாரமாக வானம் வெளுத்துக் கிடந்தது. யாராவது உள்ளே வந்தார்களா? பூட்டு போட்டது போட்டபடி. ஜன்னல்கள் உள்பக்கம் கொக்கி மாட்டியவை. இரண்டு சாவியில் ஒன்று கீர்த்தனாவிடம், மற்றது அம்மாவின் சுருக்குப்பையில்.

மத்தியானம் கோயிலுக்குப் போன அம்மாவும் மகளும் இப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ஊர்ப் பெருமாள் கோயிலில் கல்யாணம் ஆகாதவர்கள் மாலை சாத்தி, திரும்பி வாங்கிய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வர வேண்டும். கீர்த்தனா ஒன்பது சுற்றும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். அந்த மாலை இப்போது கையிலிருந்து நழுவி ஹாலில் தனியாக ஒரு சுற்று வந்துகொண்டிருந்தது.

"லிஃப்ட் குழியில தண்ணி இறங்கி லிஃப்ட் நின்னுடுச்சு! என்ன மேடம் இது?"

குரல் ஹரிசங்கருடையது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், இரண்டாம் மாடிக்காரர். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் உள்ளே நடந்தார். படிக்கட்டில் கூட்டம் கூடியது. எதிர்வீட்டு ஜெகதாம்பாள் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வூட்ல குடிக்க ஒரு குடம் ரொம்பல, இங்க ஏரி கட்டி வெச்சிருக்காங்க!"

"இங்க பாருங்க, டேப் திறந்து கிடக்கு!" சமையலறையிலிருந்து ஹரிசங்கர் கத்தினார்.

சமையலறை மூலையில் முழங்கால் உயரத்தில், லாரியில் வரும் நல்ல தண்ணீருக்கான குழாய். அதன் கீழே இரண்டு செங்கல் மேல் பித்தளைக் குடம். குழாய் முழுக்கத் திறந்திருந்தது. இப்போது ஒரு சொட்டும் விழவில்லை.

"நல்ல தண்ணி ஆறுலேருந்து ஏழு வரைக்கும் வரும். முழுசா ஒரு மணி நேரம் கொட்டியிருக்கு" என்றார் ஹரிசங்கர்.

ஆராயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான்தான்பா தொறந்து வெச்சேன்."

வேடந்தாங்கல் பக்கத்து ஊர் அவளுக்கு. அங்கே தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குழாயைத் திறந்து குடத்தை வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பார்கள். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம்தான் கூப்பிடும். நாற்பது வருஷப் பழக்கம். கை தானாகவே திறந்துவிடும்.

"கிராமத்துலேருந்து நேரா ஃப்ளாட்டுக்கு வந்தா இப்படித்தான்" என்றார் ஹரிசங்கர், படிக்கட்டுக்கும் கேட்கிற மாதிரி. "நாளைக்குக் காலைல மீட்டிங். தப்பு எங்களதுதான்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்குங்க. அதோட விட்டுடலாம்."

அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டிய கோபம் கீர்த்தனாவுக்கு. அது தடம் மாறி அம்மாவின் மேல் பாய்ந்தது. "ஒரு குழாய மூடத் தெரியாதா உனக்கு? எத்தினி வாட்டி சொன்னேன்?"

ஆராயி துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரை வெளியே தள்ளினாள். தள்ளி முடித்ததும் அலமாரிமேல் இருந்த பையை இறக்கினாள்.

"காலைல திருப்போரூர் போயி செங்கல்பட்டு பஸ்ஸப் புடிச்சுக்கறேன். எனக்கு இந்த வூடு ஒத்துக்கல கண்ணு."

"எம்மா, நான் ஒரு கோவத்துல..."

"நீ கோவப்பட்டா இன்னா? அந்தாளு ஊரையே சேத்து சொன்னானே. என்னால உனக்குத் தலகுனிவு வேணாம்."

கீர்த்தனா காபி போடப் போனாள். குடத்துக்குள் சொம்பை விட்டாள். வளையல் குடத்தின் கழுத்தில் இடித்த பிறகுதான் தண்ணீர் சிக்கியது. அம்மா காபியைத் தொடவில்லை.

ஞாயிறு, விடிந்ததும்.

முதல் மாடி ஜெயப்பிரியா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர். மழைக்காலத்தில் ஓ.எம்.ஆரில் மூழ்கும் கார்களைப் பார்த்து, அது மழையில் மூழ்கியதா, கடற்கரையில் விளையாட்டுக் காட்டப் போய் மூழ்கியதா என்று சொல்வது அவள் வேலை. வண்டிக்காரன் ஆயிரம் சொல்லுவான், வண்டி ஒன்றுதான் சொல்லும் என்பாள். அவள் வேலை பார்ப்பதைப் பார்க்கவே கீர்த்தனாவுக்குப் பிடிக்கும். அலட்டல் கிடையாது. கண் மட்டும் நிற்காது.

"லிஃப்ட் இல்லாம மூணு பேரு மூட்டு வலின்னு குரூப்ல அழறாங்க. இன்னா ஆச்சு?"

கீர்த்தனா எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயப்பிரியா கேட்டபடியே கீழே பார்த்தாள். கறுப்புத் தரை காய்ந்து, சுண்ணாம்பு தடவினாற்போல் வெளுத்திருந்தது. குனிந்து விரலால் தேய்த்தாள். விரலை நாக்கில் வைத்தாள்.

"ஐயே, அக்கா!"

"கார் டயரையே நக்கினவடி நான். நேத்து காபி எப்படி இருந்துச்சு?"

"இது ஒரு கேள்வியா?"

"சொல்லு."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"எந்தத் தண்ணி?"

"குடத்துத் தண்ணிதான்."

"எவ்ளோ எடுத்த?"

"ஒரு சொம்பு."

"ஆராயிம்மா, குடத்துலேருந்து நீங்க எடுத்தீங்களா? நகத்துனீங்களா?"

பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த ஆராயி நிமிர்ந்தாள். "இல்லம்மா. வெச்சது வெச்சபடி கீது."

ஜெயப்பிரியா குடத்துக்குள் கையை விட்டாள். எடுத்தாள். சிரித்தாள். என்ன என்று சொல்லவில்லை.

சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் இடம். அங்கே தரையிலிருந்த சாக்கடை வாய்க்குப் போடும் ஜாலி, தன் இடத்தை விட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அதையும் பார்த்தாள். பிறகு கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். கீர்த்தனா பின்னாலேயே ஓடினாள்.

துவைக்கும் இடத்துச் சுவரை ஒட்டி ஹரிசங்கரின் கார் நின்றது. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஜெயப்பிரியா அதன் கூரையைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். பாலிஷுக்கு அடியில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள்.

"பழசு. ஒரு வருஷமா புதுசா ஒண்ணும் விழல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள். மொட்டை மாடியிலிருந்து வெயிலில் பழுத்த ஒரு குழாய் இறங்கி வந்தது. காருக்கு நேர் மேலே அது முடியவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு புதுத் துண்டு அதை வாங்கிச் சுவருக்குள் திருப்பி விட்டிருந்தது.

கேட்டில் நின்ற காவலாளி அப்பாசாமியைக் கூப்பிட்டாள். "அண்ணாத்த, போர் மோட்டார் போடறது யாரு?"

"செக்ரட்டரி சாருதாம்மா. எங்க இருந்தாலும் போன்லயே போடுவாரு, போன்லயே நிறுத்துவாரு. நம்ம கைல சுச்சே கெடையாது."

"கீர்த்தி, வூட்ல சொட்டு நீலம் கீதா?"

"எதுக்குக்கா?"

"உங்கம்மாவோட பஸ்ஸ நிறுத்த."

ஞாயிறு, மீட்டிங்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹரிசங்கர் தொண்டையைச் செருமினார். ஆராயி பையோடு ஓரமாக நின்றாள். ஒப்புக்கொண்டுவிட்டு அப்படியே கிளம்புவதாக முடிவு.

"சார், ஒரு நிமிஷம்" என்று ஜெயப்பிரியா எழுந்தாள். "நேத்து நல்ல தண்ணி ஒரு மணி நேரம் கொட்டுச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"ஜெகதாம்பாம்மா, உங்க வூட்ல எவ்ளோ வந்துச்சு?"

"எங்க வந்துச்சு? தொட்டில மிச்சம் கெடந்தது முக்கா குடம். நேத்து லாரியே வரலியே!"

"லாரி வரலன்னு குரூப்ல போட்டது யாரு?"

ஜெகதாம்பாள் திரும்பிப் பார்த்தாள். "செக்ரட்டரிதான்."

ஹரிசங்கர் கைக்குட்டையை எடுத்தார். "அவசரத்துல மறந்துட்டேன். இருந்தாலும் டேப் திறந்திருந்ததே, அத எல்லாரும் பார்த்தீங்களே?"

"டேப்பைத்தான் சார் எல்லாரும் பார்த்தீங்க. கீழ இருந்த குடத்தை யாரும் எட்டிப் பார்க்கல. அந்தக் குடமே ரொம்பல. ஒரு சொம்புதான் எடுத்திருக்காங்க, தண்ணி கழுத்துக்குக் கீழ கீது. ரொம்பாத குடத்துலேருந்து வூடு முழுக்கத் தண்ணி எப்படி வழியும்?"

யாரோ சிரித்தார்கள். கீர்த்தனா சட்டென்று தன் வளையலைப் பார்த்தாள். அவள் கைதான் அந்தக் குடத்துக்குள் போனது. குடத்தின் கழுத்தில் இடித்தது. படித்த படிப்பெல்லாம் கோபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

"அப்புறம் தரை. நல்ல தண்ணி லாரித் தண்ணி, காஞ்சா கறை விடாது. அந்த வூட்டுத் தரை இப்ப உப்பளம். அது போர் தண்ணி. சார், போனை எடுத்து மோட்டாரைப் போடுங்க."

"டேங்க் ஃபுல்லா இருக்கு. எதுக்கு?"

"ஃபுல்லா இருந்தா வழியட்டும்."

ஹரிசங்கர் போனை எடுக்கவில்லை.

"போடுங்களேன் சார், கை வலிக்குதா?" என்றாள் ஜெகதாம்பாள். நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் விரல் போனைத் தொட்டது. பின்பக்கம் மோட்டார் உறுமியது.

"அண்ணாத்த, ஊத்துங்க!" ஜெயப்பிரியா மொட்டை மாடியைப் பார்த்துக் கத்தினாள். மேலே அப்பாசாமி, டேங்கிலிருந்து வழிகிற குழாயின் வாயில் சொட்டு நீலப் பாட்டிலைக் கவிழ்த்தார்.

கூட்டம் மொத்தமும் கீர்த்தனாவின் வீட்டுக்குள் புகுந்து, துவைக்கும் இடத்து வாசலில் நெருக்கியடித்து நின்றது. முதலில் சுவருக்குள் கடகடவென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் சாக்கடை தண்ணீரை இழுத்துக்கொண்டது. பிறகு அதன் வாயில் ஒரு கொப்புளம். ஜாலி லேசாக ஆடியது, எழுந்தது, ஓரமாகச் சாய்ந்தது. நீலத் தண்ணீர் குபுகுபுவென்று தரையில் ஏறிச் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"நிறுத்துங்க சார்" என்றாள் ஜெயப்பிரியா.

மோட்டார் நின்றது.

"டேங்க் வழியற தண்ணி முன்னாடி நேரா உங்க கார் மேல சொட்டுச்சு. உப்புத் தண்ணி, பெயிண்டைத் தின்னுடுச்சு. கூரைல தழும்பு இன்னும் கீது. கீழ் வூடு விக்காம பூட்டிக் கெடந்துச்சு. கேக்க ஆள் இல்ல. குழாயைத் திருப்பி அந்த வூட்டுச் சாக்கடைல சொருகிட்டீங்க. கொஞ்சமா வழிஞ்சா சாக்கடை இழுத்துக்கும். நேத்து மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டீங்க. சாக்கடை தாங்கல. வந்து பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா திறந்து கெடந்த டேப் கண்ணுல பட்டுச்சு. பழியைத் தூக்கி ஒரு அம்மா மேல போட்டுட்டீங்க."

ஹரிசங்கர் போனைச் சட்டைப்பையில் போட்டார். "கல்யாண ரிசப்ஷன்ல இருந்தேன்... மறந்துட்டேன். வேணும்னு பண்ணல."

"மறந்தது வேணும்னு இல்ல" என்றாள் கீர்த்தனா. "குழாயத் திருப்புனது? எங்கம்மாவ ஊரு பேரு சொல்லிப் பேசுனது? அது மறதியா? தப்பு எங்களதுதான்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கச் சொன்னீங்களே, இப்ப ஒத்துக்குங்க. எல்லாரும் இங்கதான் கீறாங்க."

நீலத் தண்ணீர் செயலாளரின் சாக்ஸில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஆராயியின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடதுதாம்மா. மன்னிச்சிருங்க. குழாயை நாளைக்கே மாத்திடறேன்."

ஆராயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நாளைக்கு இன்னா? இன்னிக்கே மாத்து. அதுவரைக்கும் உன் வண்டி மேலயே ஊத்தட்டும்."

படிக்கட்டு வரை சிரிப்பு கேட்டது. ஜெகதாம்பாள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும் கீர்த்தனா ஜெயப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி. உங்கம்மா பழக்கந்தான் காப்பாத்துச்சு. அந்தக் குடம் அங்க இல்லாட்டி நானும் தடுமாறித்தான் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, நீலப்பாதங்களோடு படியேறிப் போனாள் ஜெயப்பிரியா.

கீர்த்தனா உள்ளே வந்து அம்மாவின் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். ஜிப்பைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். ஆராயி தடுக்கவில்லை.

சாயங்காலம் லாரி வந்த சத்தம் கேட்டது. ஆராயியின் கை தானாகக் குழாயை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

கீர்த்தனா குடத்தைக் கழுவிச் செங்கல்மேல் வைத்தாள். குழாயை முழுக்கத் திறந்தாள். காற்று மட்டும் உஸ்ஸென்றது. ஆணியில் தொங்கிய கோயில் மாலைக்குக் கீழே அம்மாவும் மகளும் கால் நீட்டி உட்கார்ந்து, குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.