சுவருக்குள் போன கம்பி

மில் நின்ற பிறகும் பல்பு உடனே அணையவில்லை.

முதல் நாள் நாகமுத்து அதைக் கண்ணின் கோளாறு என்றுதான் நினைத்தான். வயலுக்கு அந்தப் பக்கம் மணவாளனின் நெல் மில் எஞ்சின் இழுத்து இழுத்து இருமி ஓய்ந்தது. அங்கிருந்து இழுத்த கம்பியில்தான் அவன் வீட்டு விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓய்ந்தால் டைனமோ ஓயும், டைனமோ ஓய்ந்தால் விளக்கு சாகும். அதற்கு மேல் அதில் ஒரு சூட்சுமமும் கிடையாது. ஆனால் கூடத்தில் தொங்கிய பல்புக்குள் இருந்த இழை மட்டும், சாம்பல் மூடிய அடுப்பில் கிடக்கும் கங்கு மாதிரி, சிவந்தபடி இருந்தது. விளையாட்டாக எண்ணினான். ஏழு எண்ணியதும் அணைந்தது. மறுநாள் ஒன்பது.

சைகோன் போய் வந்தவன் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அங்கே கரண்டு வேலையெல்லாம் தன் கையால்தான் நடந்தது என்று நாகமுத்து தன் ஊர் செலியமேடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். நிஜத்தில் அவன் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு வருசம் காவல் நின்றவன். கரண்டு வேலை பார்த்தது அந்த நாட்டு ஆளான ஒரு அன்னாமிக்காரன். ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நாகமுத்து.

ஏணியைப் பிடித்தபடி கேட்டதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கம்பி சுவரில் படக்கூடாது, பீங்கான் குமிழ் மேல் விரல் அகலம் தள்ளித்தான் ஓட வேண்டும். பியூஸ் போனால் அதே மெல்லிய இழையைத்தான் திரும்பப் போட வேண்டும். ஈரத்தோடு கிட்டே போகாதே. எவனையாவது கரண்டு பிடித்துக்கொண்டால் அவனைத் தொடாதே, காய்ந்த கட்டையால் தள்ளு. இவ்வளவுதான். தெரிந்துதான் இருந்தது.

தெரிந்துதான் தப்புச் செய்தான். பெட்டியில் கொண்டுவந்த குமிழ்கள் பாதிக் கூடத்தோடு தீர்ந்துபோயின. மிச்சக் கம்பியை மண் சுவரில் காடி வெட்டிப் புதைத்து, மேலே மண் அப்பி, சாணி மெழுகி மறைத்தான். சைகோன் பல்பு சைகோன் கரண்டுக்குச் செய்தது. மணவாளன் டைனமோவின் வேகம் அதற்கு இரண்டு மடங்கு. முதல் பல்பு கண் கூசுகிற வெள்ளையாக எரிந்து வெடித்தது. இரண்டு பல்பை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அதைச் சமாளித்தான். பியூஸ் மூன்று முறை போனது. நாலாவது முறை துணி உலர்த்தும் கொடிக்கம்பியில் ஒரு துண்டை முறுக்கி வைத்தான். அப்புறம் போகவில்லை. ஊர் நிர்வாகம் பார்க்கிற கொம்மூன் ஆபீசில் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் காகிதம் கேட்பார்கள், காகிதத்தோடு ஒருவன் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பான்.

ஐப்பசி மழை பிடித்தது. நாலு நாள் ஓயாமல் பெய்ததில் சுவர் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. கூடத்தில் ஈரச்சாணி வாசனையும், அதற்குள் ஒளிந்து வேறொரு வாசனையும், கருகிய மயிர் மாதிரி லேசாக, வந்து வந்து போனது. ஐந்தாம் நாள் அவன் பெண்டாட்டி தெய்வநாயகி கூட்டிக்கொண்டிருந்தவள் கையை உதறினாள்.

"ஏங்க, செவுரு கிள்ளுதுங்க."

அவன் புறங்கையை வைத்துப் பார்த்தான். தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. ஈரம்தான், மழை விட்டால் சரியாகிவிடும் என்றான்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தாள். வந்தவள் சுவரில் கையூன்றினாள். கையை இழுத்துக்கொண்டு உள்ளங்கையையே பார்த்தாள். திரும்ப வைத்தாள். உடம்பு சிலிர்த்தது, கண் கலங்கியது.

"அடி தெய்வநாயகி, உன் வூட்டுச் செவுத்துல ஆத்தா வந்து குந்திக்கிறாடி."

மறுநாள் உச்சிவேளைக்குள் சுவரில் மஞ்சள் ஏறியது, குங்குமம் ஏறியது, வேப்பிலை செருகியாகிவிட்டது. வேண்டுதல் என்றால் குளித்த ஈரப்புடவையோடுதான் வருவார்கள். வந்து, சொட்டச் சொட்ட நின்று, குடத்து மஞ்சள் தண்ணீரைச் சுவருக்கு ஊற்றி, இரண்டு உள்ளங்கையையும் பதிப்பார்கள். உடம்பு நடுங்கும். அழுவார்கள். எட்டு வருசமாகப் பிள்ளையில்லாத செங்கமலம் வயிற்றையே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

நாகமுத்து கதவோரம் நின்று பார்த்தான். சாய்கிற ஒவ்வொரு குடத்தையும் எண்ணினான். வாயைத் திறந்தால் ஒரே வார்த்தை. அந்த வார்த்தையைச் சொன்னால் ஏணி பிடித்தவன் என்பது வெளியே வரும். மணவாளன் கம்பி கொடுக்கும்போதே ஊர் எதிரில், உனக்கு நெஜமாவே வேலை தெரியுமாப்பா, தெரியாட்டி இப்பவே சொல்லிடு என்று கேட்டுச் சிரித்திருந்தான்.

அதோடு தெய்வநாயகியின் முகமும் அவன் வாயைக் கட்டியது. அவன் சைகோனில் ஒருத்தியை வைத்திருக்கிறான், இனி வரமாட்டான் என்று பேசியே இந்த ஊர் அவளைப் பதினோரு வருசம் ஒரு நல்லதுக்கும் கூப்பிடவில்லை. இப்போது பெண்கள் அவள் கையால் குங்குமம் வாங்கிப்போக வரிசை நின்றார்கள். அவள் சிரிப்பதை அவன் திரும்பிவந்த பிறகு அன்றுதான் பார்த்தான்.

மூன்றாம் நாள் இரவு, சோறு தின்றுவிட்டு, தாங்க முடியாமல் அவளிடம் மட்டும் சொன்னான்.

"அது ஆத்தாவும் இல்ல ஒண்ணும் இல்ல. கம்பி. நான் வச்ச கம்பி."

அவள் கோபப்படவில்லை. எச்சில் இலையை எடுத்தபடியே சொன்னாள்.

"கம்பின்னா மில்லு நின்னா நிக்கணுமில்ல? நேத்து ராத்திரி மில்லு நின்னப்புறம் மூணு வாட்டி எழுந்து தொட்டுப் பாத்தேன். அப்பவும் கீது."

அவள் படுத்த பிறகு அவன் உட்கார்ந்திருந்தான். வெளியே தவளைகள் ஒரே குரலில் கத்தின, கூரை ஓலையிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டிச் சொட்டிக் குழி பறித்தது, அதற்கெல்லாம் அப்பால் எஞ்சின் இருமி ஓய்ந்தது. பல்பு சிவந்தது. எண்ணினான். நூற்று நாற்பது வரை எண்ணினான். இருட்டியது. எழுந்து போய்ச் சுவரில் கை வைத்தான்.

எறும்பு இல்லை. கிள்ளவில்லை. அந்தப் பக்கம் ஒருவர் உள்ளங்கையை வைத்து அவன் உள்ளங்கையை அழுத்துகிற மாதிரி இருந்தது. இதமான சூடு. கையை எடுக்கத் தோன்றவில்லை. எடுப்பதற்குக் கொஞ்சம் பலமும் தேவைப்பட்டது.

கம்பத்தில் ஏறி அறுத்துவிடலாம் என்று நினைத்தான். அறுத்தால் விளக்கு போகும். விளக்கு போனால் ஊர் கேட்கும். அதைவிட, புதுச்சேரி போய் குமிழ் வாங்கி வந்து, ஒருவருக்கும் தெரியாமல் சுவரைக் கிளறிக் கம்பியை உருவி எடுத்து, முறைப்படி ஓட்டிவிட்டால் போதும். ஆத்தா போய்விட்டாள் என்று அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் போனான். கடைக்காரன் அலைய விட்டான். திரும்பும்போது பஸ் ஊருக்கு முன்னாலேயே பாகூரோடு நின்றுவிட்டது, வாய்க்கால் உடைந்து ரோடு போய்விட்டதாம். குமிழ் மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரப்போடு நடந்தான். மழை வலுத்தது. காதுக்குள் மழையைத் தவிர ஒன்றுமில்லை. விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. தூரத்தில் அவன் வீட்டு வாசல் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது.

கூடம் நிறையப் பெண்கள். குளித்த ஈரமும் மழை ஈரமுமாக ஒன்பது பேர். தரையில் கணுக்கால் நனையத் தண்ணீர். விருத்தாம்பாள் இருந்தாள், செங்கமலம் இருந்தாள். தெய்வநாயகி இடுப்பில் குடத்தோடு முன்னால் நின்றாள். இன்னும் எவள் கையும் சுவரில் படவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துட்டீங்களா? இன்னிக்கி எல்லாரும் ஒண்ணா வைக்கிறோம். நீங்களும் வாங்க."

வாயைத் திறந்தான். ஒரே வார்த்தை. ஒன்பது முகம் அவனைப் பார்த்தன.

"இரு. இதோ வந்துடறேன்" என்றான்.

மூட்டையைப் போட்டுவிட்டு மில்லுக்கு ஓடினான். எஞ்சினை நிறுத்தச் சொன்னால் தீர்ந்தது. ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். சேற்றில் விழுந்தான். எழுந்தான். ஓடினான்.

மில் கதவு ஒருக்களித்திருந்தது. எஞ்சின் ஓட்டுகிற ஆதிமூலம் சாக்கைப் போர்த்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே அரிக்கேன் வெளிச்சம்.

"நிறுத்துப்பா."

"எத்த?"

"எஞ்சின."

"இன்னாண்ணே நீ. காலையிலயே எஞ்சின் சக்கரத்து வாரு அறுந்து பூடிச்சி. இன்னிக்கி ஓடவே இல்லியே."

நாகமுத்து எஞ்சின் மேல் கை வைத்தான். சில்லென்று இருந்தது. டைனமோவைத் தொட்டான். அதுவும் சில்.

திரும்பிக் கதவு வழியாகப் பார்த்தான். வயலுக்கு அப்பால் அவன் வீட்டு வெளிச்சம். மஞ்சள் இல்லை. வெள்ளை. முதல் பல்பு வெடிப்பதற்கு முன் எரிந்த அந்த வெள்ளை.

மூலையில் கிடந்த ஒரு சவுக்குக் கட்டையை எடுத்துக்கொண்டான். காய்ந்த கட்டை. அதைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு ஓடினான். ஆதிமூலம் பின்னால் கூப்பிட்டான். மழை அதையும் தின்றது.

வாசலில் நின்றபோது கட்டை ஊறிப்போயிருந்தது.

உள்ளே சத்தமில்லை.

ஒன்பது பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பதினெட்டு கை சுவரில். ஒருத்தியும் நடுங்கவில்லை. ஒருத்தியும் அழவில்லை. தலைகள் மட்டும் முன்னால் தொங்கின, தூக்கம் வந்தவர்கள் மாதிரி. கால்கள் தொய்ந்திருந்தன. ஆனாலும் விழவில்லை. எது பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று தெரியவில்லை. குடம் கவிழ்ந்து கிடந்தது. மஞ்சள் வாசனை. கருகிய மயிர் வாசனை.

தெய்வநாயகியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

அவள் கையைப் பார்த்தான். விரல்களின் இடுக்கில் சுவரின் ஈரமண் பிதுங்கி எழுந்திருந்தது. ஒவ்வொரு இடுக்கிலும். விரல் பருமனில். கோத்துக்கொண்ட மாதிரி.

"கம்பி. அது வெறும் கம்பி. நான் வச்சது" என்றான்.

இப்போது சொன்னான். ஒன்பது முதுகிடம் சொன்னான்.

தரைத் தண்ணீர் மெதுவாக நகர்ந்து வாசற்படியைத் தாண்டி அவன் காலை நோக்கி வந்தது. ஒரு அடி பின்னால் வைத்தான். அது வந்தது. இன்னொரு அடி. மழைக்குள் வந்துவிட்டான். கட்டை கையிலிருந்து நழுவியது.

விளக்கு அணையும். அணையத்தான் வேண்டும். எண்ணினான்.

நூற்று நாற்பது. ஐந்நூறு. ஆயிரம் தாண்டியும் வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. வெள்ளை வெளிச்சம் அசையவில்லை. சுவரிலிருந்து ஒரு கையும் வரவில்லை. அந்தக் கைகளுக்கு நடுவில், தெய்வநாயகியை ஒட்டி, ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.