இடப்பக்கம் சாய்ந்த கார்

கல்மேட்டுத் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரையின் கார் மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னபோது ரங்கசாமிக்குக் கோபம்தான் வந்தது. மலாயாவின் அலோர் காஜாவில் கார் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை மாற்றுவதில் அவருக்கு ஈடு கிடையாது. சின்னத்துரை எருமையில் மோதிவிட்டார் என்று முதலில் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு புதுப் பட்டைகள் போட்டாகிவிட்டது. இரண்டே பேர் உட்காரும் சின்ன இங்கிலீஷ் காரைப் புதுப் பட்டை தாங்கவில்லை என்றால் ஊர் யாரைப் பார்த்துச் சிரிக்கும்?

அது முப்பத்து நான்காம் வருடத்து மழைக்காலம். அவர் பங்களாவின் கார்க்கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்பகல்தான். ஆனாலும் ரப்பர் மரங்கள் கவிந்த அந்த மேட்டில் விளக்கு வைக்கும் நேரம்போல் இருட்டிக் கிடந்தது. பச்சை நிறக் கார் ஒரு பக்கமாய்ச் சரிந்து நின்றது. மத்தியானம் மலாக்காவில் துரைமார் விருந்து, சீக்கிரம் முடி என்று கங்காணி மருதமுத்து விரட்டினார்.

ரங்கசாமி ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். முதல் தடவை கங்காணி கொண்டுவரச் செய்த பலகைக்கல் ஒன்று மூலையிலேயே கிடந்தது. எப்போதும்போல் அதை இழுத்து அச்சுக்கு அடியில் கொடுத்துவிட்டுக் காருக்குக் கீழே படுத்தார்.

புளித்த ரப்பர்ப்பாலின் வாடை அடித்தது. பால் கொட்டகையோ வெகு தூரத்தில் இருந்தது.

பட்டையைக் கழற்றிப் பார்த்தார். விரிசல் இல்லை, துரு இல்லை. நல்ல எஃகு, வேண்டுமென்றே அழுத்தி வளைத்ததுபோல் வளைந்திருந்தது. புதுப் பட்டையை மாட்டி முடுக்கிக்கொண்டிருந்தபோது காதருகே மூச்சுச் சத்தம் கேட்டது. பாரத்தோடு மேடு ஏறுகிறவர்கள் விடும் குட்டை மூச்சு.

திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

அவசரமாக வெளியே வந்து கல்லை உருவினார். ஜாக்கியை இறக்கினார். கார் சமமாக நின்றது. பிறகு கண்ணெதிரிலேயே இடப்பக்கம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. காலியாக இருந்த இடது இருக்கையின் தோல் குழிந்தது.

ரங்கசாமியின் கால் கல்லில் இடறியது. கூரையிலிருந்து ஒழுகிய மழைநீர் அதன் மேலிருந்த எண்ணெய் அழுக்கைக் கழுவியிருந்தது. அடியில் மஞ்சள் பூச்சு, அதன் நடுவே குங்குமம். தண்ணீர் கொண்டுவந்த கூலிக்காரன் இருளாண்டியிடம் அது என்ன கல் என்று கேட்டார்.

"எம் பொஞ்சாதி வேலாயிக்கு நட்ட சுமதாங்கிண்ணே," என்றான் அவன். "ஏழு மாசமா இருந்தா."

வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்கு வழியில் சுமைதாங்கிக் கல் நடுவது நம் வழக்கம். போகிறவர் வருகிறவர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால் அவளுடைய பாரமும் இறங்கும் என்பார்கள். எருமையை அல்ல, ரப்பர்ப்பால் வாளிகளோடு நடந்துபோன வேலாயியைத்தான் தோட்டத்து வளைவில் இந்தக் கார் அடித்தது என்பது இருளாண்டி சொல்லித்தான் தெரிந்தது. கால்வாயில் வழுக்கி விழுந்தாள் என்று கங்காணி ஆபீசில் சொல்லி முடித்துவிட்டார். வளைவில் கல் நின்றால் நாலு பேர் கேட்பார்கள் என்று அதையும் பிடுங்கச் சொன்னார். மாட்டேன் என்றால் கூலிகளின் லயத்து வீட்டைக் காலி செய் என்று மிரட்டி, இருளாண்டியின் தோளிலேயே ஏற்றி இங்கே கொண்டுவரச் செய்தார்.

 அவள் சுமையை இறக்க நட்ட கல்லின் மேல் காரை ஏற்றியது ரங்கசாமியின் கைதான். இறக்க இடமில்லாதவள் காரிலேயே ஏறிக்கொண்டாள். கல்லைத் திரும்ப நடாமல் இந்தக் காரை எடுக்காதீர்கள் என்று கங்காணியிடம் நேராகச் சொன்னார்.

கங்காணி கிட்டே வந்து கிசுகிசுத்தார். "வாய மூடிக்கோலா. தொர காதுல விழுந்தா நீ இந்தப் பக்கம் தல காட்ட முடியாது."

அதற்குள் சின்னத்துரை வந்துவிட்டான். சாய்ந்த காரைப் பார்த்துக் கத்தினான். பட்டையில் குறையில்லை என்று காட்ட, கங்காணி தானே இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

கார் உயர்ந்தது.

தாழ்ந்திருந்த பக்கம் நிதானமாக எழும்பிச் சமமாக நின்றது. உட்கார்ந்திருந்தவர் எழுந்து இடம் விட்டாற்போல.

துரை சிரித்துக்கொண்டே காரைக் கிளப்பினான். கங்காணி சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். இறக்கிவிடச் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் கார் போய்விட்டது.

ரங்கசாமி சாமான்களைப் பொறுக்குவதற்குள் வளைவுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கார் கால்வாயில் கவிழ்ந்து கிடந்தது, துரை அதற்கு அடியில் நசுங்கிச் செத்திருந்தான். புல்லில் விழுந்த கங்காணிக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. ரங்கசாமி குனிந்து பார்த்தார். அவர் போட்ட பட்டை போட்டபடியே இருந்தது.

அன்றே இருளாண்டி கல்லை வளைவில் நட்டான். யாரும் தடுக்கவில்லை.

கங்காணியால் மட்டும் நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரங்கசாமி பார்க்கப் போனபோது அவருடைய இரும்புக் கட்டிலின் வலை இடப்பக்கம் தரைவரை தொய்ந்திருந்தது. வயிற்றைப் பிடித்தபடி மேல்மூச்சு வாங்கினார்.

"ரங்கசாமி, இந்தக் கட்டில கொஞ்சம் பாரேன். ஒரு பக்கமா இழுக்குது."

ரங்கசாமி குனிந்து பார்த்தார். கட்டிலில் ஒரு குறையும் இல்லை. கங்காணிக்குப் பக்கத்தில், ஆள் படுத்தாற்போல் மெத்தை அமுங்கிக் கிடந்தது. புளித்த ரப்பர்ப்பாலின் வாடை மூக்கைத் துளைத்தது.

வெளியே வந்தவர் நிற்காமல் வளைவுக்கு நடந்தார். இருளாண்டி கல்லுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தான். துரைதான் போய்விட்டானே, கங்காணியையாவது விட்டுவிடும்படி அவளிடம் சொல், அவரும் பிள்ளைகுட்டிக்காரர் என்று ரங்கசாமி கெஞ்சினார்.

இருளாண்டி கையைத் துடைத்துக்கொண்டான்.

"கல்ல நட்டாச்சுண்ணே. அவதான் எறக்கி வைக்க மாட்டேங்குறா."