பாத்துட்டேன், போடு

அவள் இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் பதில் வந்துவிட்டது.

"பாத்துட்டேன், போடு."

கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்ட பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, வார்டின் மூத்த நர்ஸ் பெரியக்காவின் குரல். கையிலிருந்த மருந்துக் குப்பியை அவள் இன்னும் திறக்கக்கூட இல்லை. திரையை விலக்கினாள். பிற்பகல் மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளோடு தரையில் கட்டம் கட்டமாக விழுந்து கிடந்தது. கிருமிநாசினி வாடையும், துடைத்து இன்னும் காயாத தரையின் ஈரமும், எந்தக் கட்டிலிலோ யாரோ உரித்த ஆரஞ்சின் மணமும் நகர மனமில்லாமல் ஒரே இடத்தில் நின்றன. ஆள் இல்லை.

இருபத்தொரு நாள் விடுப்புக்குப் பிறகு இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறாள். மனசு ஆடத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வார்டில் ஆபத்தான மருந்தை ஒரு நர்ஸ் தனியாக ஏற்றக் கூடாது. இருவர் சேர்ந்து நின்று குப்பியைப் பார்க்க வேண்டும். அது விதி. பதினெட்டுக் கட்டிலுக்கு நாலு கை என்பது நிஜம். அதனால் ஒருத்தி திரைக்குள்ளிருந்து "பாத்தீங்களா?" என்பாள், மற்றவள் நின்ற இடத்திலிருந்தே "பாத்துட்டேன், போடு" என்பாள். எட்டு வருடம் அப்படியே ஓடியது. போன மாதம், ஏழாம் கட்டில் வாத்தியாருக்கு ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து என்று நினைத்து அவள் எடுத்தது, நேராக ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடும் பொட்டாசியம். இரண்டு குப்பிக்கும் ஒரே நீல மூடி. கேட்டாள். குரல் வந்தது. போட்டாள். "நாலு மணிக்கு என் பொண்ணு..." என்று சொல்லிக்கொண்டிருந்த வாத்தியார் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

விசாரணையில் பெரியக்கா சொன்னது ஒரே வரி. "என்கிட்ட இவ கேக்கவே இல்ல."

அவளுக்குப் பிரசவ வலி கண்டபோது அறை வாசலில் கால் கடுக்க நின்றவள் பெரியக்கா. அவள் மகள் 'பெரியம்மா' என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதும் பெரியக்காவைத்தான். வாத்தியாரின் முகத்தோடு அவளால் எப்படியோ நாளைத் தள்ள முடிந்தது. அந்த ஒற்றை வரியோடு முடியவில்லை. தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய் அழுவது? நிர்வாகம் ஓர் ஆலோசகரிடம் அனுப்பிவைத்தது. அந்த அம்மாள் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசு விட்டுப் பேசுங்க, இது நம்மளோட இருக்கும்" என்றாள். இவளும் பேசினாள். அடுத்த வாரம் அவள் பேசியதெல்லாம் வரி தவறாமல் விசாரணைக் கோப்பில் இருந்தது.

"என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க?"

வேறு வார்டிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ். பேச்சு ஓயாததால் எல்லோருக்கும் ரேடியோ.

"இப்ப பெரியக்கா பேசினாங்களா?"

"பின்ன? 'போடு'ன்னு எனக்கும் கேட்டுச்சே. அவங்க கத்தினா லிஃப்ட் கதவே தானா திறக்கும்." சிரித்துக்கொண்டே, நீல மூடிக் குப்பி இருந்த மருந்துத் தட்டோடு நாலாம் கட்டில் திரைக்குள் போனாள்.

அப்போதுதான் வார்டின் கதவு திறந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பெரியக்கா வெளியிலிருந்து வந்தாள்.

"எங்கக்கா போயிருந்தீங்க?"

"சாப்பிட. ஏன்?"

"இப்ப உங்க குரல் கேட்டுச்சு."

துடைத்த கை நின்றது. பெரியக்காவின் முகத்தில் வியப்பே இல்லை.

"மறுபடியுமா?"

மறுபடியும்.



"அன்னிக்கு... உங்களுக்கும் கேட்டுச்சா?"

பெரியக்கா குரலைத் தாழ்த்தினாள். "நீ கேட்டது கேட்டுச்சு. நான் வாய் திறக்கறதுக்குள்ள என் குரல் எங்கிருந்தோ பதில் சொல்லுது. வாயத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்டி. மூடித்தான் இருந்துச்சு."

"இத ஏன் சொல்லல?"

"சொன்னா பைத்தியம்பாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்கு. நீ சின்னவ. தாங்கிப்பன்னு நெனச்சேன்."

அவள் குப்பியைத் திறக்காமலே ஜன்னல் விளிம்பில் வைத்தாள். 

நாலாம் கட்டில் திரையில் ரேடியோவின் நிழல் குனிந்தது.

"பாத்தீங்களா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"பாத்துட்டேன், போடு."

இந்த முறை பெரியக்காவின் குரல் இல்லை.

அவளுடையது. அதே கரகரப்பு. கடைசிச் சொல்லில் அதே இழுப்பு. அவள் உதடுகள் ஒட்டியே இருந்தன.

"தேங்க்ஸுங்க," என்றாள் ரேடியோ.

கத்த வேண்டும். மூச்சை இழுத்தாள்.

பின்னாலிருந்து ஓர் உள்ளங்கை வந்து அவள் வாயைப் பொத்தியது. சோப்பு வாசம். இறுக்கம். காதோரம் பெரியக்காவின் மூச்சு, குழந்தையைத் தூங்கவைப்பது போல.

"கேக்காத மாதிரி இரு, கண்ணு. பழகிடும்."

பச்சைத் திரையில், நிழலின் கட்டைவிரல் சிரிஞ்சை அழுத்தி மெல்ல இறங்கத் தொடங்கியது.